பங்காளிகளும் தாய்மாமன்மாரும்: இடைக்காலத் தமிழகத்தின் அரியணைப் போர்கள்

இடைக்காலத் தமிழக வரலாற்று நூல்களில் அரியணைப் போட்டிக்குத் தனி அதிகாரம் ஒதுக்கப்படுவது அரிது. ஓர் அரசனின் சாவுக்கும் அடுத்தவனின் முடிசூட்டுக்கும் இடைப்பட்ட சில பக்கங்களில், எல்லைப் போர்களையும் கோயில் திருப்பணிகளையும் பற்றிய நீண்ட விவரிப்புகளுக்கு நடுவே, ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற தொடரோடு அது முடிந்துவிடுகிறது. ஆனால் பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கிப் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நடந்த சோழ, பாண்டிய அரசுரிமைச் சண்டைகளை ஒருசேர வைத்துப் படித்தால், அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஓர் அமைப்பு புலப்படும். சண்டையிடுவோர் தந்தைவழிப் பங்காளிகள், அதாவது ஒரே குலத்தில் பிறந்து ஒரே சொத்தில் பங்குரிமை உடையவர்கள்; சண்டையை முடித்துவைக்கும் படையோ பெரும்பாலும் தாய்மாமன் வீட்டிலிருந்தோ, பெண் கொடுத்தும் எடுத்தும் உறவான வீடுகளிலிருந்தோ வருகிறது. கொங்கு நாட்டுக் குடும்பங்களில் ‘பங்காளி’ என்றும் ‘மாமன் மச்சான்’ என்றும் இன்றும் வழங்கும் உறவுப் பகுப்பு, அரண்மனைகளிலும் அதே கூர்மையோடு இயங்கியிருக்கிறது. தொலைவிலிருந்து வேடிக்கை பார்த்த நாடாகவும் கொங்கு இருந்துவிடவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் மிகப் பெரிய அரசுரிமைப் போரில் அது தாய்மாமன் நாடாகவே களத்தில் நின்றது.

அரசுரிமைக்கு வகுத்த விதி என்ன என்று கேட்டால், அறநூல்கள் மூத்த மகனைச் சுட்டும். நடைமுறை அவ்வளவு எளிதாக இல்லை. சோழர்கள் கையாண்ட தீர்வு இளவரசுப் பட்டம்: ஆளும் அரசன் தன் காலத்திலேயே அடுத்தவனுக்கு முடிசூட்டி, இருவரும் தத்தம் பெயரில் ஆட்சியாண்டு எண்ணி ஆவணம் வெளியிடும் ஏற்பாடு. முதலாம் இராசராசன் 1012இல் இராசேந்திரனையும், இராசேந்திரன் 1018இல் முதலாம் இராசாதிராசனையும் இவ்வாறு முடிசூட்டினர். 1054இல் கொப்பத்துப் போரில் இராசாதிராசன் யானைமேல் இறந்தபோது, அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டான். அண்ணனின் மக்களுக்குப் பட்டம் போகவில்லை. இதே ஏற்பாடு இங்கிலாந்தில் எப்படி விளைந்தது என்பது ஒப்பிடத்தக்கது. அந்நாட்டு அரசன் இரண்டாம் ஹென்றி 1170இல் தன் மகன் ஹென்றிக்கு முடிசூட்டினான்; பட்டம் கிடைத்தும் அதிகாரம் கிடைக்காத மகன் மூன்றே ஆண்டுகளில் தாயின் ஆதரவோடும் உடன்பிறந்தாரோடும் சேர்ந்து தந்தைக்கு எதிராகக் கிளம்பினான். சோழ இளவரசர்கள் கலகம் செய்யாதது அவர்களின் பணிவால் மட்டும் அன்று. அவர்களிடம் மண்டலங்களும் படைகளும் மெய்யாகவே ஒப்படைக்கப்பட்டிருந்தன. காத்திருக்கும் காலத்தில் செய்ய வேலை இருந்தது. இந்த ஏற்பாட்டால் பிற்கால ஆய்வாளர்களுக்குத்தான் தொல்லை. ஒருவர்மேல் ஒருவராகப் படியும் ஆட்சியாண்டுகளைப் பிரித்தறியக் கீல்ஹார்னும் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் கல்வெட்டுகளில் வரும் கிழமை, நாள்மீன், திதிக் குறிப்புகளை வானியல் கணக்கோடு ஒத்துப்பார்க்க வேண்டியிருந்தது.

இந்த ஒழுங்கு உருவாவதற்கு முன்பிருந்த நிலையை 949ஆம் ஆண்டின் தக்கோலப் போர் காட்டுகிறது. முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையோடு பொருது, கங்க அரசன் பூதுகனால் கொல்லப்பட்டான். திருமுனைப்பாடி நாட்டில் நெடுங்காலம் தங்கியிருந்த இராசாதித்தனின் படையில் சேரநாட்டு வீரர்கள் கணிசமாக இருந்தனர். அவர்களின் தலைவர்களில் ஒருவனான வெள்ளங்குமரன் பெண்ணையாற்றங்கரைக் கிராமத்தில் கற்கோயில் எடுத்ததைக் கல்வெட்டு கூறுகிறது. இராசாதித்தனின் தாய் கோக்கிழானடிகள் சேரர்குலப் பெண் எனக் கருதப்படுவதால், அந்தப் படை தாய்வீட்டுத் தொடர்பில் வந்திருக்கலாம் என்பது பொருந்திவருகிறது. இன்னொரு மகனான அரிஞ்சயனோ பழுவேட்டரையர் மகள் வயிற்றில் பிறந்தவன். ஆக ஒரே தந்தையின் மக்களுக்குப் பின்னால் வெவ்வேறு தாய்வீடுகள் நின்றன. இராசாதித்தனின் சாவுக்குப் பின் பட்டம் கண்டராதித்தனுக்கும், பிறகு அரிஞ்சயனுக்கும், அவன் மகன் சுந்தர சோழனுக்கும் போயிற்று. கண்டராதித்தனுக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மதுராந்தகனாகிய உத்தம சோழன் குழந்தையாக இருந்ததே அரியணை கிளைமாறியதற்குக் காரணம் என்பது பொதுவான விளக்கம். குழந்தை வளர்ந்து ஆளாகிய பிறகுதான் சிக்கல் எழுந்தது.

சுந்தர சோழனின் மூத்த மகன் இரண்டாம் ஆதித்தன், வீரபாண்டியன் தலை கொண்டவன் என்று பட்டம் பூண்டவன், 970ஐ ஒட்டிய காலத்தில் கொலையுண்டான். இக்கொலை பற்றிய முதன்மைச் சான்று காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. இது கொலை வழக்கின் தீர்ப்பு என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்; உண்மையில் இது ஒரு நிலவிற்பனையையும் அதன்வழி அமைந்த அறக்கட்டளையையும் பதிவு செய்யும் ஆவணம். விற்கப்பட்ட நிலம் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளிடமிருந்து பறிமுதலானது என்ற விளக்கத்துக்காகவே சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிசோழ பிரமாதிராசன் முதலியோரின் பெயர்கள் அதில் இடம்பெறுகின்றன. அக்கல்வெட்டு இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்கு உரியது என்பது பெரும்பான்மையோர் ஏற்ற முடிவு.

கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் இதிலிருந்து எழுப்பிய ஐயம் புகழ்பெற்றது: பதினைந்து ஆண்டுகளுக்கு அருகில் ஆண்ட உத்தம சோழன் கொலையாளிகள்மேல் நடவடிக்கை எடுக்காமல் அடுத்து வந்த இராசராசனே எடுத்தான் என்றால், கொலையால் பயன்பெற்ற உத்தமனுக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல முடியுமா? தி. வை. சதாசிவ பண்டாரத்தார் இதை மறுத்தார். உத்தமன் கொலையில் சம்பந்தப்பட்டிருந்தால் இராசராசன் அவன் தாயான செம்பியன் மாதேவியை அவ்வளவு போற்றியிருக்கமாட்டான். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனைக் கோயில்களைக் கண்காணிக்கும் பொறுப்பில் வைத்திருக்கவும் மாட்டான் என்பது அவர் வாதத்தின் சாரம். மேலும், விற்பனை இராசராசன் காலத்தது என்பதால் பறிமுதலும் அவன் காலத்திலேயே நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயராதலால் இது பாண்டியர் பழிவாங்கல் என்ற மூன்றாவது கருத்தும் உண்டு. ஆனால் வென்ற நாட்டின் பெயரில் அதிகாரிகளுக்குப் பட்டம் வழங்குவது சோழர் வழக்கமே என்பதால் பட்டப் பெயர் ஒன்றை மட்டும் வைத்து அவ்வளவு தூரம் போவது தகாது.

விவாதங்களில் போதிய கவனம் பெறாத ஒரு செய்தி இக்கல்வெட்டில் இருக்கிறது. தண்டனை குற்றவாளிகளோடும் அவர்களின் உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரோடும் நிற்கவில்லை. தாயுடன் பிறந்த மாமன்மாரும், மக்களுக்குப் பெண் கொடுத்தவர்களும், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்களும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். அரசத் துரோகம் ஒரு குலத்துக்குள் அடங்கும் குற்றமாகக் கருதப்படவில்லை. மாமன் மச்சான் உறவு முழுவதையும் சேர்த்து வெட்டினால்தான் அபாயம் தீரும் என்று ஆணை பிறப்பித்தவர்கள் நம்பினார்கள். ஒருவனுக்குப் பின்னால் எழக்கூடிய வலிமை எங்கிருந்து வரும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்?

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இந்தக் கட்டத்தை வேறு விதமாகச் சொல்கின்றன. குடிமக்கள் அருள்மொழியை அரசனாகும்படி வேண்டியதாகவும், தன் சிறிய தந்தைக்கு நாட்டின்மேல் விருப்பம் உள்ளவரை அதை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அவன் மறுத்ததாகவும் அந்த வடமொழிப் பகுதி கூறுகிறது. இராசேந்திரன் காலத்தில், வென்றவர்களின் வாரிசு எழுதச் செய்த வரலாறு இது. அருள்மொழி விட்டுக்கொடுத்தான் என்பதைவிட, அடுத்த பட்டம் தனக்கே என்ற உடன்பாட்டின்மேல் விட்டுக்கொடுத்தான் என்பதே நம்பத்தகுந்தது. இங்கிலாந்திலும் சிற்றப்பனுக்கும் அண்ணன் மகனுக்கும் இடையே இதே கேள்வி 1199இல் எழுந்தது. அங்கே உடன்பாடு ஏற்படவில்லை. ஜான் அரசனானான், அவன் அண்ணன் மகன் ஆர்தர் சிறைப்பட்டு 1203இல் காணாமற்போனான். 985இல் உத்தமனுக்குப் பின் இராசராசன் முறைப்படி அரியணை ஏறியதும், உத்தமனின் மகன் உயிரோடும் பதவியோடும் இருந்ததும் எவ்வளவு அரிய நிகழ்ச்சி என்பதை அந்த ஒப்பீடு உணர்த்துகிறது.

ஆதித்தனின் கொலையைத் தமிழர் பெரும்பாலோர் அறிந்தது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வழியாகத்தான். மூன்றாம் ரிச்சர்டு தன் அண்ணன் மக்களைக் கொன்றான் என்பதை ஆங்கிலேயர் ஷேக்ஸ்பியர் வழியாக அறிந்தது போன்றதே இதுவும். ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரின் வாகன நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தபோது அவன் எப்படி இறந்தான் என்பது தெளிவாயிற்று. அவன் கொன்றானா என்பது தெளிவாகவில்லை. உடையார்குடிக் கல்வெட்டும் அத்தகைய சான்றுதான். கொன்றவர் யாரெனச் சொல்கிறது, கொல்வித்தவர் யாரெனச் சொல்வதில்லை. அந்த இடைவெளியை நாவல் நிரப்பலாம். வரலாற்றாசிரியர் நிரப்பக் கூடாது.

சோழ அரசுரிமை வரலாற்றில் அடுத்த பெரிய திருப்பம் 1070. வீரராசேந்திரன் இறந்து, அவன் மகன் அதிராசேந்திரன் மிகக் குறுகிய காலமே ஆண்டு மறைந்தபின், வேங்கி நாட்டுச் சாளுக்கிய இளவரசன் இராசேந்திரன் சோழ அரியணையில் அமர்ந்து முதலாம் குலோத்துங்கன் ஆனான். அதிராசேந்திரன் எப்படி மறைந்தான் என்பதில் சான்றுகள் ஒத்துப்போவதில்லை. மேலைச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் அவைப் புலவரான பில்கணர், தம் தலைவன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் சென்று மனைவியின் உடன்பிறந்தானை அரியணையில் அமர்த்தித் திரும்பியதாகவும், சில நாள்களில் கலகத்தில் அவன் கொல்லப்பட்டு வேங்கி வேந்தன் நாட்டைப் பற்றியதாகவும் எழுதுகிறார். சோழர் தரப்பின் ‘கலிங்கத்துப்பரணி’யோ, நாட்டில் ஒழுங்கு குலைந்த வேளையில் குலோத்துங்கன் வந்து காத்ததாகப் பாடுகிறது. பில்கணரின் தலைவன் 1076இல் தன் அண்ணன் இரண்டாம் சோமேசுவரனை நீக்கி அரசைப் பறித்தவன் என்பதையும், அந்தச் செயலையும் அதே நூல் நியாயப்படுத்துகிறது என்பதையும் சேர்த்தே அந்தச் சாட்சியை எடை போட வேண்டும். பரணியின் சாட்சியும் அவையின் சாட்சியே.

ஆனால் 1070இன் சுவை கொலையில் இல்லை, குலோத்துங்கனின் வம்சாவளியில் இருக்கிறது. இராசராசனின் மகள் குந்தவை வேங்கி மன்னன் விமலாதித்தனை மணந்தாள். அவர்களின் மகன் இராசராச நரேந்திரன், தன் தாய்மாமன் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்களின் மகனே குலோத்துங்கன். அவனும் தன் தாய்மாமன் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியையே மணந்தான். மூன்று தலைமுறையாகப் பெண் ஒரே வீட்டிலிருந்து வந்திருக்கிறது. திராவிட உறவுமுறை பற்றிய தம் நூலில் தாமஸ் டிரவுட்மன் இந்தத் திருமணத் தொடரை முறைப்பெண் மணத்தின் அரசவடிவம் என எடுத்துக்காட்டினார். கொங்குக் கிராமத்தில் மாமன் மகள் உரிமையை அறிந்த எவருக்கும் இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. தந்தைவழியில் குலோத்துங்கனுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் ஒப்பீடு நிறைவடையும். வேங்கி அரியணையை அவனுக்கு விடாமல் பிடித்துக்கொண்டவன் அவன் சிற்றப்பன் ஏழாம் விசயாதித்தன். பங்காளி மறுத்ததை மாமன் வீடு கொடுத்தது. அதுவும் ஒன்றுக்குப் பல மடங்காக.

இங்கிலாந்தில் இதே நூற்றாண்டுக்குச் சற்றுப் பின்னர் நடந்த போட்டியிலும் தாய்மாமன் வருகிறான். முதலாம் ஹென்றி 1135இல் இறந்தபோது, அவன் தன் வாரிசாக அறிவித்திருந்த மகள் மட்டில்டாவை விலக்கிவிட்டு, அவனுடைய உடன்பிறந்தாள் மகன் ஸ்டீபன் முடிசூடிக்கொண்டான். மட்டில்டாவுக்காக வடக்கிலிருந்து படையெடுத்தவன் ஸ்காட்லாந்து மன்னன் டேவிட், அவள் தாயின் உடன்பிறந்தான். வேடிக்கை என்னவென்றால், ஸ்டீபனின் மனைவிக்கும் அவனே தாய்மாமன். பதினெட்டு ஆண்டுக் குழப்பத்துக்குப் பின், ஸ்டீபன் இருக்கும்வரை அவனே அரசன், பிறகு மட்டில்டாவின் மகன் என்று 1153இல் உடன்பாடு ஏற்பட்டது. தாய்வழி உரிமையில் இரண்டாம் ஹென்றி 1154இல் அரசனானான். குலோத்துங்கனுக்கும் ஹென்றிக்கும் உரிமை வந்த வழி ஒன்றே. வேறுபாடு திருமண விதியில் இருக்கிறது. நெருங்கிய உறவில் மணம் செய்வதைக் கிறித்துவத் திருச்சபை தடுத்திருந்ததால், மாமன் வீட்டு உறவு அங்கே ஒரு தலைமுறையோடு தளர்ந்து, அடுத்த தலைமுறைக்குப் புதிய வீடு தேட வேண்டியிருந்தது. தென்னாட்டில் அந்த உறவு தலைமுறைதோறும் புதுப்பிக்கப்பட்டது. எனவே மாமன் நாட்டுப் படை என்பது இங்கே நிரந்தரமான அரசியல் சக்தி.

அந்தச் சக்தி முழுவதும் வெளிப்பட்ட களம், 1160களில் தொடங்கிய பாண்டிய அரசுரிமைப் போர். மதுரையில் இருந்த பராக்கிரம பாண்டியனைக் குலசேகர பாண்டியன் முற்றுகையிட்டான். இருவருக்கும் இடையிலான உறவைச் சான்றுகள் தெளிவாகச் சொல்லவில்லை. பங்காளிகள் என்பதில் மட்டும் ஐயமில்லை. பராக்கிரமன் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். தண்டநாயகன் இலங்காபுரன் தலைமையில் படை புறப்படுவதற்குள் மதுரை விழுந்தது. பராக்கிரமன் மனைவி மக்களோடு கொல்லப்பட்டான். தப்பிய மகன் வீரபாண்டியனுக்காகப் போரைத் தொடர முடிவு செய்த இலங்கைப் படை இராமேசுவரத்தில் இறங்கிக் குந்துகாலில் கோட்டை அமைத்தது. இந்தப் போரின் நீண்ட விவரிப்பு இலங்கையின் பாலிமொழி வரலாற்று நூலான ‘சூளவம்ச’த்தில் இருக்கிறது. பணிந்த தலைவர்கள், மாறிய தலைவர்கள், பிடிபட்ட ஊர்கள் என்று அது அடுக்கும் பெயர்களில் பல இன்றைய இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களைச் சேர்ந்தவை.

அந்த நூல் குலசேகரனுக்குத் துணை வந்த படைகளைப் பட்டியலிடும் இடத்தில் இரு கொங்குகளும் வருகின்றன; அது தாய்மாமன்வழி வந்த துணை. வடகொங்கு, தென்கொங்கு என்ற பகுப்பு கொங்குக் கல்வெட்டுகளிலும் காணப்படுவதால், இலங்கை நூலாசிரியரின் செய்தி வெறும் ஊகமன்று, களத்தில் இருந்தவர்களின் அறிக்கையிலிருந்து வந்தது என்று கொள்ள இடமிருக்கிறது. அக்காலத்தில் கொங்கை ஆண்டவர்கள் கொங்குச் சோழர்கள் எனப்படும் தனி மரபினர். தஞ்சைச் சோழர்களின் பட்டப் பெயர்களைத் தாங்கி, தம் ஆட்சியாண்டில் ஆவணம் வெளியிட்டவர்கள். பேரூர், அவிநாசி, அமராவதிக் கரையின் கடத்தூர் முதலிய கோயில்களில் அவர்களின் கல்வெட்டுகள் உள்ளன. பாண்டிய இளவரசன் ஒருவனுக்குக் கொங்கில் தாய்வீடு அமைந்தது தற்செயல் அல்ல. கொங்கிலிருந்து மதுரைக்கு மலைகளைச் சுற்றிக்கொண்டு போகும் இயல்பான வழி, இன்றைய கோவை–கிணத்துக்கடவு–பொள்ளாச்சி–உடுமலை–பழனி சாலை போகும் சமவெளி. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேரநாட்டுக்கும் இதே நிலப்பகுதியே வாயில். சோழ மன்னன் முதலாம் ஆதித்தனுடையதாகக் கருதப்படும் இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் அந்த வாயிலில்தான் இருக்கிறது. இவ்வழியைக் கையில் வைத்திருந்தவனோடு பெண் கொடுத்து உறவு கொள்வது மதுரைக்குத் தேவையாக இருந்தது.

கொங்குப் படைகள் இருந்தும் குலசேகரன் தோற்றான். பிறகு சோழனிடம் போனான். இரண்டாம் இராசாதிராசனின் தானைத் தலைவன் பெருமான் நம்பிப் பல்லவராயன் போரை மாற்றிவிட்டான். மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு, இலங்காபுரன் உள்ளிட்ட தலைவர்களின் தலைகள் மதுரை வாயிலில் தைக்கப்பட்டதாகக் கூறுகிறது. சூளவம்சமோ தோல்வியைச் சொல்லாமல் வெற்றியோடு கதையை முடித்துக்கொள்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு இன்னும் நுட்பமான சாட்சி. சிங்களப் படை சோழநாட்டுக்குள் வந்துவிடுமோ என்று அஞ்சிய எதிரிலிசோழச் சம்புவராயன் உமாபதிதேவரான ஞானசிவதேவரிடம் முறையிட, அவர் இருபத்தெட்டு நாள் பூசை செய்தார். பகைவர் ஓடிய செய்தி வந்ததும் ஆர்ப்பாக்கம் ஊர் அவருக்குக் கொடையாயிற்று. வெகுதொலைவில் நடந்த பாண்டியர் சண்டை தொண்டைமண்டலத்தில் எழுப்பிய அச்சத்தை வேறு எந்த ஆவணமும் இவ்வளவு நேரடியாகப் பதிவு செய்யவில்லை.

பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டில் அரியணை வரலாற்றுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. இரண்டாம் இராசராசனின் மக்கள் மிகச் சிறு குழந்தைகளாக இருந்ததால், விக்கிரம சோழனின் பேரனான எதிரிலிப்பெருமாளைக் கொண்டுவந்து முடிசூட்டி இரண்டாம் இராசாதிராசனாக்கிய பொறுப்பைப் பல்லவராயனே ஏற்றான் என்று அது கூறுகிறது. அரசனை ஆக்குபவன் அதிகாரியாகிவிட்டான். வார்விக் பிரபுவை ‘அரசர்களை ஆக்குபவன்’ என்று ஆங்கிலேயர் பேசுவதற்கு மூன்று நூற்றாண்டு முன்னர் சோழநாட்டில் அந்தப் பாத்திரம் தோன்றிவிட்டது. அரசனின் உறவு வலையோடு அதிகாரிகளின் நிலவலிமையும் சேர்ந்தே இனி அரியணையைத் தீர்மானிக்கும் என்பதற்கு இது முதல் அடையாளம். நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு ஆகியோர் கல்வெட்டுகளின் நிலவுடைமைச் செய்திகளைத் தொகுத்து, பிற்காலச் சோழர் காலத்தில் தனிநிலக்கிழார்களின் எழுச்சியைக் காட்டியதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

போரின் பிற்பகுதி கட்சி மாறல்களின் கதை. சோழன் உதவியால் மதுரையைப் பெற்ற குலசேகரன் இலங்கையோடு உறவு கொண்டான். வெகுண்ட சோழர், தாங்கள் யாரை எதிர்த்தார்களோ அந்தப் பராக்கிரமனின் மகன் வீரபாண்டியனையே அரியணையில் ஏற்றினார்கள். அவனும் இலங்கைப் பக்கம் சாய்ந்தபோது, மூன்றாம் குலோத்துங்கன் விக்கிரம பாண்டியனை ஏற்றினான். 1190இல் பட்டமேறிய சடாவர்மன் குலசேகரனும் அடங்காமற்போக, சோழன் மதுரையில் பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தையே இடித்தான். அதற்குள் மூன்றாம் குலோத்துங்கனின் பட்டத்தில் மதுரைக்கும் ஈழத்துக்கும் அடுத்தபடியாகக் கருவூரும் சேர்ந்திருந்தது. கருவூர் கொங்கின் தலைநகரம். பாண்டியப் போரையும் ஈழப் போரையும் கொங்குப் போரையும் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்தெழுதும் வழக்கம் அந்தப் பட்டத்தின் அடுக்கைக் கவனிக்கத் தவறுகிறது. மதுரை அரியணையைக் கட்டுப்படுத்த விரும்பியவன், அதற்குப் படை அனுப்பக்கூடிய கடல்கடந்த நண்பனையும் மலையடிவார மாமனையும் சேர்த்தே அடக்க வேண்டியிருந்தது என்று படிப்பதே பொருந்தும்.

இடித்த மண்டபத்துக்குப் பழி சீக்கிரமே வந்தது. 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்து, கழுதை ஏர் பூட்டி உழுது கவடி விதைத்ததாகத் தன் மெய்க்கீர்த்தியில் பெருமை கொள்கிறான். பிறகு சோழனுக்கே நாட்டைத் திருப்பி வழங்கினான். அடுத்த அரைநூற்றாண்டில் போசளர் இடைபுகுந்ததும், சடாவர்மன் சுந்தரபாண்டியன் 1251 முதல் எழுச்சி பெற்றதும், அவன் காலத்து வீரபாண்டியன் கொங்கையும் ஈழத்தையும் கொண்டதும் பலரும் எழுதியவை. தாய்மாமன் நாடாக இருந்த கொங்கு இதன்பின் பாண்டிய மரபினர் ஆளும் நாடாயிற்று. உறவை விழுங்கிய வெற்றி அது.

பாண்டியரின் தனித்தன்மை, ஒரே காலத்தில் பலர் முடிசூடி ஆண்டது. ஐந்து பாண்டியர் என்ற வழக்கு இதிலிருந்து வந்தது. ஒரே பெயரில் பலர் ஆண்டதால் என். சேதுராமன் 1970களில் வானியல் குறிப்புகளை மீண்டும் கணக்கிட்டு அரசர்களைப் பிரித்தறியும்வரை பாண்டியர் காலவரிசை குழம்பியே கிடந்தது. மார்க்கோ போலோவும் மாபாரை, அதாவது சோழமண்டலக் கரை நாட்டை, ஐந்து உடன்பிறந்த மன்னர்கள் ஆண்டதாக எழுதுகிறார். அவர் சொல்லும் கதையில், பிள்ளைகள் படை திரட்டும்போதெல்லாம் தாய் இடைமறித்து, சண்டையிட்டால் உங்களுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்துக்கொள்வேன் என்று கத்தியோடு நிற்பாள். அவள் இறந்தபின் இவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வார்கள் என்றும் சேர்க்கிறார். கதை கேள்விப்பட்டதே. ஆனாலும் அந்தக் கணிப்பு பலித்தது.

மாறவர்மன் குலசேகரன் 1268 முதல் நெடுங்காலம் ஆண்டு, வீரபாண்டியனுக்கு முன்னுரிமை கொடுத்தான் என்றும், பட்டத்தரசியின் மகனான சுந்தரபாண்டியன் 1310இல் தந்தையைக் கொன்றான் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். அண்ணன் தம்பிப் போரில் தோற்று மீண்ட நிலையில் இருவரும் இருந்தபோது, 1311இல் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் கபூர் வந்தான். வடநாட்டுப் படையின் வருகைக்குச் சுந்தரபாண்டியனின் அழைப்பே காரணம் என்று பாடநூல்களிலும் மேடைகளிலும் சொல்லப்படுவது வஸ்ஸாப்பின் ஒரு குறிப்பின்மேல் கட்டப்பட்டது. படையெடுப்பின் சமகாலத்தவரான அமீர் குஸ்ரோவின் விவரிப்பு அதற்குத் துணை நிற்கவில்லை. கபூர் இரு தரப்பையும் கொள்ளையிட்டான் என்பதே உறுதியானது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளனும் பாண்டியர் சண்டையில் பயன்பெறத் தெற்கே வந்திருந்தான். தன் தலைநகர் ஆபத்தில் இருப்பதறிந்து திரும்பியோடினான். ஓரிரு ஆண்டுகளில் வேணாட்டு இரவிவர்மன் குலசேகரன் காஞ்சி வரை வந்து முடிசூடினான். பிறகு காகதீயப் படை வந்தது. 1330களில் மதுரையில் சுல்தான்கள் தனியரசு நிறுவினர். இந்த முறை பங்காளிகளைத் தூக்கி நிறுத்த எந்த மாமன் வீடும் மிஞ்சியிருக்கவில்லை: சோழர் குடி மறைந்துவிட்டது, கொங்கு பாண்டியரின் கைக்குள்ளேயே இருந்தது, இலங்கை வலுவிழந்திருந்தது. பாண்டியர் வீழ்ச்சிக்கு உடன்பிறந்தார் சண்டையை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. அதே அளவு கொடிய சண்டையை அவர்கள் 1160களில் நடத்திப் பிழைத்திருந்தார்கள்.

கொங்கின் பக்கமிருந்து இந்த வரலாற்றை எழுதும் முயற்சிகள் குறைவு. கோவைகிழார் கோ. ம. இராமச்சந்திரன் செட்டியாரும் எம். ஆரோக்கியசாமியும் 1950களில் எழுதிய நூல்கள் அடித்தளமிட்டன, புலவர் செ. இராசு கொங்குச் செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் தொகுத்துப் பதிப்பித்தார். எனினும் கொங்குச் சோழர் வரிசை இன்னும் பெரும்பாலும் உள்ளூர் வரலாறாகவே நடத்தப்படுகிறது. மதுரை அரியணைப் போரின் ஆண்டுகளோடு பேரூர், கடத்தூர்க் கல்வெட்டுகளின் ஆட்சியாண்டுகளை வரிசையாகப் பொருத்திப் பார்க்கும் விரிவான ஆய்வு தேவைப்படுகிறது. அந்தப் போரில் மதுரையை முற்றுகையிட்ட குலசேகரனின் தாய் எந்தக் கொங்கு வீட்டவள் என்ற கேள்விக்கு விடை கிடைத்தால் அந்தச் சுவர்களிலிருந்துதான் கிடைக்கும். குடமுழுக்குத் திருப்பணியின்போது பழைய கற்சுவர்களை மணல்வீச்சு இயந்திரத்தால் தேய்த்துத் துலக்குவதும், எழுத்துள்ள கற்களைத் தரைத்தளத்துக்குப் பயன்படுத்துவதும் நடந்திருக்கின்றன. கொங்கு நாட்டின் ஊர்க்கோயில்களில் திருப்பணிக் குழு அமைப்போர், வேலை தொடங்குமுன் சுவரெழுத்துகளைப் படியெடுக்கத் தொல்லியல் துறையினரை அழைக்க வேண்டும்.